முதலில் மொத்தம், பிறகு பங்கு: பட்ஜெட் சீர்திருத்தம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒவ்வோர் அமைச்சகமும் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. நிதி அமைச்சகமும் வெட்டத்தான் வெட்டுகிறது. அப்படியும் பற்றாக்குறை ஆண்டுக்காண்டு ஏறுகிறதே, தப்பு எங்கே?

பதில்: முடிவெடுக்கும் வரிசையில். பட்ஜெட்டைப் பெரும்பாலும் கீழிருந்து மேலே கட்டுகிறார்கள். துறைகள் கேட்புப் பட்டியலை அனுப்பும், நிதி அமைச்சகம் வரிவரியாகப் பேரம் பேசும், கடைசியில் மிஞ்சியதைக் கூட்டினால் வருவதுதான் மொத்தச் செலவு. மொத்தம் எவ்வளவு இருக்கலாம் என்று எவரும் எந்த நாளிலும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. கூட்டல் கணக்கின் விடையாக அது தானே வந்து நிற்கிறது.

எண்ணில் பாருங்கள். வரவும் செலவும் 100 அலகில் சமமாகத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். எல்லாத் துறைகளும் 10% கூடுதல் கேட்கின்றன. நிதி அமைச்சகம் கறாராக நின்று பாதியை வெட்டி 5% தருகிறது. வரவு 3% வளர்கிறது. ஐந்தாம் ஆண்டில் செலவு 127.6, வரவு 115.9, பள்ளம் 11.7. இத்தனைக்கும் ஒவ்வோர் ஆண்டும் கேட்டதில் பாதியை வெட்டியிருக்கிறார்கள். துறைகளும் சும்மா இருக்காது. பாதி போய்விடும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை 20% கேட்கும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிய நாடு சுவீடன். 1990களின் தொடக்கத்தில் வங்கி நெருக்கடியில் சிக்கி, 1993-ல் அதன் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 10 சதவீதத்தைத் தாண்டியது. 1997-ல் நடைமுறைக்கு வந்த பட்ஜெட் சட்டத்தின்படி மூன்று ஆண்டுகளுக்கான மொத்தச் செலவு உச்சவரம்பு முதலில் தீர்மானமாகிறது. அரசின் செலவு முழுவதும் 27 செலவுத் தலைப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பரில் பட்ஜெட் மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும். மொத்தத்தையும் 27 தலைப்புகளின் தொகைகளையும் ஒரே பொதியாக வைத்து ஓட்டெடுப்பார்கள். அது முடிந்த பிறகுதான் ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் எதற்கு எவ்வளவு என்ற விவாதம். அந்தக் கட்டத்தில் ஓர் உறுப்பினர் ஒரு திட்டத்துக்குக் கூடுதல் கேட்டால், அதே தலைப்புக்குள் வேறு எதைக் குறைப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கேட்க வழியில்லை.

இதனால் நாடாளுமன்றத்தின் கை கட்டப்படுவதாகக் குறை சொல்பவர்கள் உண்டு. நடந்தது வேறு. 2014 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் அங்கே அரசின் பட்ஜெட் தோற்று எதிர்க்கட்சிகளின் பட்ஜெட் நிறைவேறியது. சில்லறைத் திருத்தங்களாகக் கூட்டிக்கொண்டே போகும் வழி அடைபட்டது. முழு மாற்றுப் பட்ஜெட்டை வைத்து வெல்லும் வழி திறந்தே இருக்கிறது.

கேள்வி: உச்சவரம்பு வைப்பது என்று முடிவெடுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? நடைமுறையில் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: நிதியாண்டு தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும். முதல் வேலை, இப்போதுள்ள சட்டங்களும் திட்டங்களும் ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே நடந்தால் அடுத்த மூன்று ஆண்டுகளில் என்ன செலவாகும் என்ற அடிப்படை மதிப்பீடு. கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது சரிவது இங்கேதான். சென்ற ஆண்டுத் தொகையின் மேல் ஒரு சதவீதத்தைப் போட்டால் அது அடிப்படை மதிப்பீடு ஆகாது. பயனாளிகள் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு, விலையேற்றத்துக்கு ஏற்ப எவ்வளவு உயரும் என்று மூன்றையும் தனித்தனியே போட்டுப் பெருக்க வேண்டும். ஓய்வூதியம் பெறுவோர் எண்ணிக்கை 4% கூடுகிறது, விலைவாசிப் படி 5% என்றால் செலவு 9.2% உயரும். யாரும் எந்த முடிவும் எடுக்காமலே உயரும். இது தெரியாதவர்கள், 8% கூட்டிக் கொடுத்துவிட்டு "ஒதுக்கீட்டை உயர்த்தினோம்" என்று அறிவிப்பார்கள். ஆண்டுக் கடைசியில் பணம் தீர்ந்து, கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கை வந்து நிற்கும்.

அடுத்தது வரவு மதிப்பீடு. அடிப்படைச் செலவையும் வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதிதாகச் செலவிட இடம் இருக்கிறதா, அல்லது எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது தெரியும். இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அமைச்சரவை கூட வேண்டும். துறைக் கோரிக்கை எதுவும் மேசைக்கு வந்திருக்கக் கூடாது. மொத்தத்தை முடிவு செய்து 20 முதல் 30 தலைப்புகளுக்குப் பிரித்துவிட்டு எழ வேண்டும். அதற்குப் பிறகே துறைகளுக்குச் சுற்றறிக்கை போகும்: "உங்கள் தொகை இது, உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் பொறுப்பு." நிதி அமைச்சகம் நாற்காலி, மேசை, பயணப்படி என்று வரிவரியாகக் கேள்வி கேட்பதை இங்கே நிறுத்த வேண்டும். அதிகாரிகளுக்கு இதுதான் ஆகக் கடினம். மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு வரிகளையும் விடமாட்டேன் என்றால், துறை அமைச்சருக்கு உச்சவரம்பை மதிக்க ஒரு காரணமும் இருக்காது.

கடைசியாக, உச்சவரம்புக்கும் திட்டமிட்ட செலவுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். சுவீடனில் பின்பற்றும் அளவு: நடப்பு ஆண்டுக்குக் குறைந்தது 1%, அடுத்த ஆண்டுக்கு 1.5%, அதற்கடுத்து 2%, பிறகு 3%. தொலைவு கூடக் கூட மதிப்பீட்டுப் பிழையும் கூடும் என்பதால் இந்தப் படிக்கட்டு. இந்த இடைவெளி புதுத் திட்டத்துக்கான பணம் அல்ல. அப்படிச் செலவழித்தால் முதல் மதிப்பீட்டுப் பிழையிலேயே உச்சவரம்பு உடையும்.

கேள்வி: பழைய ஒதுக்கீட்டை அடிப்படையாக வைப்பதே தவறு அல்லவா? ஆண்டுதோறும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பைசாவையும் நியாயப்படுத்தச் சொன்னால் என்ன?

பதில்: சொல்லிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் அதிபர் கார்ட்டர் 1977-ல் இதைக் கூட்டாட்சி அரசு முழுவதற்கும் கொண்டுவந்தார். 1981-ல் ரீகன் அரசு கைவிட்டது. காரணம் சாதாரணமானது: காகிதம் மலைபோல் குவிந்தது, படித்து முடிவெடுக்க நேரம் இல்லை. வட்டி, ஓய்வூதியம், சம்பளம், சட்டப்படி தர வேண்டிய உதவித்தொகை ஆகியவற்றைப் பூஜ்யத்திலிருந்து நியாயப்படுத்தி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சட்டத்தை மாற்றாமல் அவற்றில் கைவைக்க முடியாது.

பயன்படுவது வேறு வழி. ஆண்டுக்கு ஐந்தாறு செலவுத் துறைகளை மட்டும் எடுத்து ஆழமாகத் தோண்டுவது. நெதர்லாந்து 1981-ல் தொடங்கிய மறுஆய்வு முறையில் ஒரு விதி இருந்தது: ஒவ்வொரு குழுவும் தன் அறிக்கையில் 20% சேமிக்கும் வழி ஒன்றைக் கட்டாயம் காட்ட வேண்டும். அதைச் செய்தே தீர வேண்டும் என்றில்லை, காட்ட வேண்டும், அவ்வளவுதான். குழுவில் யாருக்கும் மறுப்பு அதிகாரம் இல்லை. தன் துறையைக் காப்பாற்ற வந்த அதிகாரி "இந்த யோசனையை எழுதவே கூடாது" என்று தடுக்க முடியாது. இந்த இரண்டு விதிகளும் இல்லாத ஆய்வுக்குழு, துறைக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டுக் கலையும்.

கேள்வி: பற்றாக்குறை இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் போதாதா?

பதில்: போதாது. சட்டம் எண்ணைக் கட்டுப்படுத்தும். எண்ணை எழுதுகிறவர் கையை அது கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவில் 1985-ல் வந்த கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் சட்டம் 1986-க்கான பற்றாக்குறையை 171.9 பில்லியன் டாலராகவும் 1991-ல் பூஜ்யமாகவும் குறித்தது. 1986-ல் உண்மையில் ஆனது 221 பில்லியன். 1987-ல் இலக்கைத் தளர்த்தினார்கள், 1990-ல் முறையையே மாற்றினார்கள். அதில் இருந்த ஓட்டையைக் கவனியுங்கள். நிதியாண்டு தொடங்கும்போது உள்ள மதிப்பீடு இலக்குக்குள் இருந்தால் போதும். அதற்குப் பிறகு உண்மைச் செலவு எங்கே போனாலும் தண்டனை இல்லை. ஆகவே எல்லாத் திறமையும் மதிப்பீட்டை அழகாக்குவதில் செலவானது. வளர்ச்சியைக் கூட்டிப் போடு, சம்பள நாளை ஒரு நாள் நகர்த்தி இன்னொரு நிதியாண்டில் விழச் செய், அரசுச் சொத்தை விற்று அதை வருமானமாகக் காட்டு. 1990-ல் வந்த மாற்றுமுறை பற்றாக்குறையை விட்டுவிட்டு, ஆட்சியாளர்களின் கையில் உள்ளதைப் பிடித்தது: ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவுக்கு உச்சவரம்பு, புதிதாக ஒரு வரியைக் குறைத்தாலோ உதவித்தொகையைக் கூட்டினாலோ அதே அளவுக்கு ஈடு. பொருளாதார மந்தம் வந்து வரி வசூல் குறைவது எந்த அமைச்சரின் குற்றமும் அல்ல, அதற்கு அவரைத் தண்டிப்பதில் பயனும் இல்லை.

நிலையான சதவீத இலக்குக்கு இன்னொரு கெடுதல் உண்டு. மந்தத்தில் வரவு விழும்போது செலவை வெட்டச் சொல்லும், செழிப்பில் வரவு பொங்கும்போது செலவழிக்க விடும். இரண்டுமே தலைகீழ். சிலி 2001-ல் இதற்கு ஒரு தீர்வு கண்டது. தாமிர விலையை நம்பிய அரசு அது. இன்றைய விலையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல், நீண்டகாலச் சராசரி விலையில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்டு அதற்கேற்பச் செலவைத் தீர்மானித்தார்கள். அந்தச் சராசரி விலையை நிதி அமைச்சர் சொல்வதில்லை. வெளி நிபுணர்கள் தனித்தனியே தங்கள் கணிப்பை எழுதித் தருவார்கள். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுப்பார்கள். 2008 வரை தாமிர விலை ஏறியபோது பணம் சேர்ந்தது, 2009 நெருக்கடியில் அதை எடுத்துச் செலவிட முடிந்தது.

பட்ஜெட்டுக்கு வெளியே ஒரு நிதியத்தைத் திறந்து அதில் கடனை ஒளித்துவைப்பது எல்லா நாட்டுக்கும் தெரிந்த வித்தை. கொரோனாவுக்காக அனுமதிக்கப்பட்ட, பயன்படாமல் கிடந்த 60 பில்லியன் யூரோ கடன் வரம்பை ஜெர்மனி காலநிலை நிதியத்துக்கு மாற்றியது. 2023 நவம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. நீதிமன்றம் கேட்கும் நாட்டில் இது நடந்தது, மற்ற இடங்களில் கேட்க ஆள் இல்லை. விதி எழுதும்போதே "எந்தெந்த நிதியம், எந்தெந்த அரசு நிறுவனம் கணக்கில் வரும்" என்ற பட்டியலைச் சட்டத்துடன் இணைப்பது அவசியம்.

கேள்வி: மதிப்பீட்டை யார் செய்ய வேண்டும்?

பதில்: பட்ஜெட் போடுகிறவர் செய்யக் கூடாது. நெதர்லாந்தில் 1945 முதல் தனி ஆய்வகம் இருக்கிறது. தேர்தல் அறிக்கைகளில் கட்சிகள் சொல்வதற்கு என்ன செலவாகும் என்றுகூட அது கணக்குப் போட்டுச் சொல்கிறது. பிரிட்டன் 2010-ல் ஒரு சுதந்திர அலுவலகத்தை ஏற்படுத்தி மதிப்பீட்டை அதனிடம் ஒப்படைத்தது. பெயர்ப்பலகையை மாட்டினால் மட்டும் சுதந்திரம் வந்துவிடாது. தலைவரின் பதவிக்காலம் ஆட்சியின் காலத்தோடு முடியக் கூடாது. அலுவலகத்தின் பணம் நிதி அமைச்சரின் தயவில் இருக்கக் கூடாது. வரி வசூல் தரவைக் கேட்டவுடன் பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். தன் பழைய கணிப்புகள் எவ்வளவு தவறாகிப் போயின என்பதையும் அந்த அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

கேள்வி: நிதியாண்டின் கடைசி மாதத்தில் அலுவலகங்களில் பணம் தண்ணீராய் ஓடுகிறது. இதை நிறுத்த வழி உண்டா?

பதில்: குறைக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கொள்முதலை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். அந்த வாரத்தில் வாங்கிய கணினித் திட்டங்களின் தரமும் குறைவு. ஊழியர்களின் ஒழுக்கக் குறைவு என்று இதைப் பேசுவது வழக்கம். விதிகளைப் பார்த்தால் அவர்கள் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். மிச்சம் வைத்தால் அது திரும்பப் போகும். போவதோடு, "உனக்கு இவ்வளவு தேவையில்லை" என்று அடுத்த ஆண்டும் குறையும்.

சுவீடனில் அரசு முகமைகள் தங்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் 3% வரை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம், அதே அளவுக்கு அடுத்த ஆண்டிலிருந்து முன்கூட்டியும் எடுக்கலாம். வரம்பு வைப்பது முக்கியம். வரம்பில்லாமல் விட்டால் மிச்சம் ஆண்டுக்காண்டு சேர்ந்து, ஒருநாள் எல்லாத் துறைகளும் ஒரே நேரத்தில் எடுக்க வந்து நிற்கும்.

ஆனால் பல நாடுகளில் குற்றவாளி துறை அல்ல, கருவூலமே. பணத்தட்டுப்பாட்டில் முதல் ஒன்பது மாதம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் பத்தாம் மாதம் திறந்துவிட்டால், கடைசி மாதத்தில் செலவழிக்காமல் என்ன செய்வது? பட்ஜெட் தாமதமாக நிறைவேறினாலும் இதே கதைதான். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கும். முன்பெல்லாம் பட்ஜெட்டோ பிப்ரவரிக் கடைசியில் வந்து மே மாதம்தான் முழுமையாக நிறைவேறியது. 2017-ல் தேதியை பிப்ரவரி 1-க்கு முன்னே கொண்டுவந்ததன் நோக்கம், முதல் நாளிலிருந்தே துறைகள் முழு ஒதுக்கீட்டை வைத்து டெண்டர் விடலாம் என்பதுதான்.

கேள்வி: நாடாளுமன்றம் குறித்த நாளுக்குள் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால்?

பதில்: அதற்குப் பதில் முன்பே சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 111-வது பிரிவு, சட்டப்படி கட்டாயமான செலவுகளையும் தொடங்கிய வேலைகளையும் தொடர அனுமதிக்கிறது. ஸ்பெயினில் பழைய பட்ஜெட் தானே நீளும். அமெரிக்காவில் இப்படி ஒன்றும் இல்லாததால் 2018-19-ல் 35 நாளும் 2025-ல் 43 நாளும் அரசு அலுவலகங்கள் முடங்கின. தானே நீள்வதிலும் அபாயம் உண்டு: வசதியாக இருந்தால் அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார்கள். பழைய ஒதுக்கீட்டில் மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, புதுத் திட்டம் தொடங்கத் தடை என்று கொஞ்சம் உறுத்தலாக வைப்பது நல்லது.

கேள்வி: வரிச்சலுகை செலவா?

பதில்: செலவேதான். ஒரு தொழிலுக்கு 100 கொடுத்தாலும் அதன் வரியில் 100 தள்ளினாலும் கருவூலத்தில் குறைவது 100. முதலாவதுக்கு ஆண்டுதோறும் அனுமதி வேண்டும், இரண்டாவது ஒருமுறை சட்டமானால் கேட்பாரற்று ஓடும். செலவுக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தால் எல்லோரும் இந்தப் பக்கத்து வாசல் வழியாக வருவார்கள். ஜெர்மனி 1967 முதலும் அமெரிக்கா 1974-ன் பட்ஜெட் சட்டம் முதலும் இவற்றின் பட்டியலை வெளியிடக் கட்டாயமாக்கின. பட்டியலோடு ஒவ்வொரு சலுகைக்கும் முடியும் தேதியும் வைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து வேண்டுமானால் மறுபடி ஓட்டெடுக்கட்டும்.

கேள்வி: நிர்வாக வசதி குறைந்த நாடு எதிலிருந்து தொடங்க வேண்டும்? விளைவு சார்ந்த பட்ஜெட் (செலவால் கிடைக்கும் பலனை அளந்து ஒதுக்குவது), திரள் கணக்குமுறை (ரொக்கம் கைமாறும்வரை காத்திராமல், வரவோ கடனோ உருவாகும்போதே பதிவது) என்று ஆலோசகர்கள் அடுக்குகிறார்களே.

பதில்: ஆலோசகர்களை வாசலில் கொஞ்சம் காக்கவையுங்கள். நியூசிலாந்து 1989-ல் அந்தப் பாதையில் போனது உண்மை, நன்றாகவும் நடந்தது. ஆனால் அதற்கு முன்பே அங்கே ரொக்கக் கணக்கு சுத்தமாக இருந்தது. எழுதிய பட்ஜெட்டுக்கும் நடக்கும் செலவுக்கும் தொடர்பே இல்லாத நாட்டில் விளைவுகளை அளந்து என்ன பயன்?

முதலில் அரசின் பணம் எத்தனை வங்கிக் கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது என்று எண்ணி, ஒரே கருவூலக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு துறையின் கணக்கில் பணம் சும்மா தூங்க, மற்றொரு துறைக்காக அரசு வட்டிக்குக் கடன் வாங்குவது அப்போதுதான் நிற்கும். அடுத்து ஒப்பந்தக் கட்டத்திலேயே பிடிப்பது. பல இடங்களில் பில் வரும்போதுதான் ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குள் பாலம் பாதி கட்டியாகிவிட்டது. பணம் தர முடியாமல் நிலுவை சேர்கிறது. ரொக்கக் கணக்கில் அது தெரியாது. ஒப்பந்ததாரர்கள் தாமதத்தை எதிர்பார்த்து அடுத்த டெண்டரில் விலையைக் கூட்டுகிறார்கள். கொள்முதல் ஆணையில் கையெழுத்து விழுமுன் ஒதுக்கீட்டில் அந்தத் தொகையை முடக்கி, எண் கொடுத்து, எண் இல்லாத ஆணைக்கு அரசு பொறுப்பல்ல என்று சட்டம் செய்ய வேண்டும். பல ஆண்டு ஒப்பந்தமானால் பின்வரும் ஆண்டுகளின் தவணையையும் பதிய வேண்டும். மூன்றாண்டு உச்சவரம்பு எல்லாம் இதற்குப் பிறகு.

கேள்வி: நான் கணக்காளன் அல்ல. பட்ஜெட் நாளில் எந்தப் பக்கத்தைப் பார்த்தால் உண்மை தெரியும்?

பதில்: உரையை விட்டுவிடுங்கள். ஒதுக்கீட்டு அட்டவணையில் ஒரு துறையை எடுத்து, அடுத்த ஆண்டு மதிப்பீட்டை இந்த ஆண்டு மதிப்பீட்டோடு ஒப்பிடாதீர்கள்; இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைச் செலவோடு ஒப்பிடுங்கள். ஒரு துறைக்கு 100 ஒதுக்கி 70 மட்டும் செலவிடுவதும், மறுபடி 110 ஒதுக்கி "10% உயர்வு" என்று அறிவிப்பதும் வெகு சாதாரணம். பிறகு சென்ற ஆண்டு வெளியிட்ட மூன்றாண்டுக் கணிப்பைத் தேடுங்கள். அதில் இந்த ஆண்டுக்குச் சொல்லியிருந்த மொத்தத்துக்கும் இப்போது வந்திருக்கும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு புது முடிவால், எவ்வளவு விலைவாசியால், எவ்வளவு கணக்குமுறையை மாற்றியதால் என்று பிரித்துக் காட்டும் ஓர் அட்டவணை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதிக் கேளுங்கள். அமைச்சகத்தின் உள்கோப்பில் அந்த அட்டவணை பெரும்பாலும் தயாராகவே இருக்கும்.